ரெண்டு சுழி மனம்

ஜாதிக்காய்த் தூள் பெட்டியின் பின்பக்கத்தில் வந்திருக்க வேண்டிய வரி, 'மணத்துக்கு ஒரு சிட்டிகை போதும்.' அச்சாகி வந்த வரி, 'மனத்துக்கு ஒரு சிட்டிகை போதும்.' மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் யாரோ ரெண்டு சுழியோடு கையை எடுத்துவிட்டார்கள். போயும் போயும் ஒரு சுழி. அதை நம்பி நான் கொஞ்ச காலம் குடும்பம் நடத்தினேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் இல்லை.

நான் வேலை பார்ப்பது மசாலாச் சாமான்களை அரைத்துப் பெட்டியில் அடைக்கும் கம்பெனியில். சோதனை அறை என் இடம். ஒவ்வொரு அரைப்பிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, எடை போட்டு, காயவைத்து, மறுபடி எடை போட்டு, ஈரம் எவ்வளவு என்று பார்ப்பேன். சல்லடையில் தட்டி நைசு பார்ப்பேன். எல்லாம் முடிந்தபிறகு மூக்கு. எத்தனை மெஷின் வாங்கிப் போட்டாலும் கடைசியில் மூக்குதான் கையெழுத்துப் போட வேண்டும். என் கைப்பையைத் திறந்தால் மிளகு நெடி அடிக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தும்மிவிட்டு என்னை முறைப்பார்கள்.

பெட்டிகள் வந்து இறங்கியதும் பிழையைக் கண்டுபிடித்தது நான்தான். என் வீட்டுக்காரர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவர். பாடப்புத்தகப் பக்கங்கள் அச்சுக்குப் போகுமுன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்துப் பிழை திருத்துவதுதான் அவருக்குச் சோறு போடும் வேலை. அவரோடு இத்தனை வருஷம் இருந்ததில் அந்த வியாதி எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.

"ஏம்மா, ஒரு சுழி," என்றார் முதலாளி. "ஒரே ஒரு சுழி. அதுக்காக வந்த சரக்கு மொத்தத்தையும் திருப்பி அனுப்பச் சொல்றியா? அடுப்படில நின்னுக்கிட்டு எவ இலக்கணம் பார்க்கப் போறா?"

"அர்த்தமே மாறுது சார்."

"மாறினா மாறட்டும். வாசனை மனசுக்கும் நல்லதுதானே. போ, போய் வேலையப் பாரு."

போனேன். பெட்டிகள் கடைகளுக்குப் போயின. கொஞ்ச நாளில் சோதனை அறைத் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. பெட்டியில் போட்டிருக்கும் எண் எங்கள் மேசையில்தான் வந்து ஒலிக்கும். அதுவரை வந்த அழைப்பெல்லாம் கட்டி தட்டிப்போச்சு, பூச்சி இருக்கு, மூடி திறக்கலை என்கிற வகை. இப்போது வந்தவை வேறு மாதிரி. "மனசுக்குன்னு போட்டிருக்கே, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று ஒரு பெண் கேட்டாள். "என் பொண்ணு ரூமை விட்டு வெளியவே வரமாட்டேங்கிறா, அவளுக்குக் குடுக்கலாமா?" என்று ஒருவர். நான் உள்ளதைச் சொன்னேன். அது எழுத்துப் பிழைங்க, மணம்னு இருக்கணும், வாசனைக்குத்தான். எதிர்முனையில் "ஓ, அப்படியா" என்பார்கள். அந்த 'அப்படியா'வை என்னால் தாங்க முடியவில்லை. ஊரில் இத்தனை வீடுகளில் இத்தனை பேர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. எங்கள் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் படுத்தது மழைக்கு முன்னால். காரணம் கேட்காதீர்கள். ஆளாளுக்குக் கேட்டு, பதில் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. செத்தவர் யாருமில்லை, வேலை போகவில்லை, எங்களுக்குள் சண்டையும் இல்லை. இருந்த மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போனார், அவ்வளவுதான். முன்பெல்லாம் அவரோடு தெருவில் நடப்பது பெரிய தொல்லை. பலகையில் பிழை இருந்தால் கடைக்குள் நுழைந்து சொல்லிவிட்டுத்தான் வருவார். 'இங்கு முடி வெட்டபடும்' என்று எழுதியிருந்த கடையில் ஒரு 'ப்' போட வைப்பதற்காக முடியே வெட்டிக்கொண்டு வந்தார். மருந்துச் சீட்டு, சோப்பு உறை, பேருந்துக்குள் ஒட்டிய எச்சரிக்கை, எதையும் விட்டதில்லை. நான் எழுதும் சாமான் சீட்டில்கூட 'பருப்பு'க்குக் கீழே சிவப்புக் கோடு இருக்கும், ஒரு 'ப்'பை விட்டிருப்பேன்.

அச்சக முதலாளி ஒருநாள் எனக்குப் போன் செய்தார். "தங்கச்சி, தப்பா நினைக்காதே. உன் வீட்டுக்காரர் பக்கம் பக்கமாப் பிழையை விட்டுட்டாரு. ஒரு திருத்தம்கூட இல்லாம அப்படியே திருப்பி அனுப்பியிருக்காரு. கொஞ்ச நாள் ஓய்வு எடுக்கட்டும்."

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. அவர் சாப்பிடாமல் கிடந்தபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை. பிழை கண்ணில் படாத அவரை எனக்குத் தெரியாது.

டாக்டரிடம் போனோம். மாத்திரை கொடுத்தார். பலன் தெரிய நாளாகும், பொறுமையாக இருங்கள் என்றார். பொறுமையாக இருந்தோம். மாத்திரையை மாற்றினார். மறுபடி பொறுமையாக இருந்தோம். நான் வேலைக்குக் கிளம்பும்போது எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாரோ, திரும்பி வரும்போதும் அதே பக்கம். பல் துலக்கும் பிரஷ் காய்ந்து கிடக்கும். தலைமாட்டில் வைத்துவிட்டுப் போன தேநீர் மேலே ஆடை படிந்து அப்படியே இருக்கும். "சாப்பிட்டீங்களா?" என்றால் "ம்." "சாப்பிடலையா?" என்றாலும் "ம்."

இதற்குள் சொந்தக்காரர்களுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. என் மாமியார் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து இறங்கினார். வாழைப்பழத்தில் சந்தோஷச் சத்து இருக்கிறதாம், போனில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். நாத்தனார் கசப்பு சாக்லேட்டாக வாங்கி அனுப்பினாள். மாடி வீட்டுக்காரர், பச்சை மிளகாயைக் கடித்தால் எரிச்சல் தாங்காமல் மூளை தானே ஒரு மருந்தைச் சுரக்கும் என்று படியிலேயே நிறுத்தி வகுப்பு எடுத்தார். அவர் முகத்தைப் பார்த்தால் அவரே அதைக் கடித்துப் பார்த்துப் பலன் இல்லாமல் போனவர் மாதிரிதான் இருந்தது.

எங்கள் சோதனை அறைக்குத் தலைவி ஒரு அம்மாள். வேதியியல் படித்தவர். மேடம் என்போம். சாப்பாட்டு வேளையில் அவரிடம் கேட்டேன்.

"வாழைப்பழத்துல இருக்கிறது நிஜம்தான்," என்றார். "செரட்டோனின். மூளை பயன்படுத்துற அதே சாமான். ஆனா ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு வேலி இருக்கு. பழத்துல இருக்கிறது அந்த வேலியைத் தாண்டாது. வயித்தோட சரி."

"சாக்லேட்?"

"அதுல இருக்கிறது கொஞ்சம் தாண்டும். காப்பி, தேயிலைல இருக்கிறதும் தாண்டும். ஆனா அதெல்லாம் முழிச்சிருக்கிறவனை இன்னும் கொஞ்சம் முழிக்க வைக்கும், அவ்வளவுதான். விழுந்து கிடக்கிறவனைத் தூக்கி நிறுத்துற அளவுக்கு எந்தக் காய்லயும் எதுவும் இல்ல. இருந்திருந்தா நாம மிளகா அரைச்சுக்கிட்டு இருப்போமா?"

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் வேலி விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"வேலியா? அது யாரு போட்டது?" என்றார் மாமியார். பிறகு சற்று யோசித்து, "தினம் ரெண்டா குடுத்தா ஒண்ணாவது தாண்டாதா?" என்றார்.

சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவரும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். கட்டிலில் இருந்தவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. மாமியார் ஊருக்குப் போனபின் பழங்கள் கறுத்தன. ஒவ்வொன்றாக நான்தான் தின்று தீர்த்தேன், எனக்கும் ஒன்றும் தாண்டவில்லை.

பெட்டி வீட்டுக்கு வந்தது தற்செயலாகத்தான். மூலை நசுங்கிய பெட்டிகளை வேலை செய்கிறவர்களே எடுத்துக்கொள்ளலாம். கைப்பையில் போட்டு எடுத்து வந்து, மற்ற சாமான்களோடு கட்டில் ஓரத்து ஸ்டூலில் வைத்துவிட்டு உடை மாற்றப் போனேன். திரும்பி வந்தபோது அவர் கையில் அந்தப் பெட்டி இருந்தது. படித்துக்கொண்டிருந்தார். அவர் எதையாவது கையில் எடுத்துப் படித்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"மனத்துக்கு ஒரு சிட்டிகை போதுமாமே," என்றார்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். வாயில் பதில் தயாராக இருந்தது. போனில் முகம் தெரியாதவர்களிடம் நூறு முறை சொன்ன பதில்தான். அது எழுத்துப் பிழைங்க. ஆனால் அவர் பெட்டியைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்த கண்கள் என்னைப் பார்த்தன. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. "ஆமாங்க," என்றேன். "நல்லதுன்னு சொல்றாங்க. பால்ல போட்டுத் தரட்டுமா?"

"குடேன்."

பாலைக் காய்ச்சி, ஒரு சிட்டிகை போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். முழு டம்ளரையும் குடித்தார். மறுநாள் காலையில் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தால், கண்ணாடி முன் நின்று முகத்தை மழித்துக்கொண்டிருக்கிறார். தாடையில் ஒரு இடத்தில் வெட்டி ரத்தம் வந்திருந்தது. அந்த ரத்தத்தைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியில் சொன்னால் என்னைத்தான் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள்.

மேடத்திடம் ஓடினேன்.

"சிட்டிகைல ஒண்ணும் இல்ல," என்றார். "வாசனைதான். அதிகமாப் போனா விஷம். நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், புத்தி பேதலிக்கும். அதுவும் சந்தோஷம் கிடையாது. சிட்டிகைக்கு மேல கை போகவே கூடாது, சொல்லிட்டேன்."

"போகாது மேடம். ஆனா அவரு எழுந்துட்டாரே?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பால் சூடா இருந்துது. நீ பக்கத்துல உக்காந்திருந்த. மாத்திரை இப்பதான் வேலை செய்ய ஆரம்பிச்சுதோ என்னவோ. இல்ல, பெட்டில போட்டிருக்கிறதை நம்பினாரு. இதுல எதுன்னு சோதிச்சுச் சொல்ல என்கிட்ட மெஷின் இல்ல."

நான் முடிவு கட்டிக்கொண்டேன். நம்பினார். அதுதான். தூள் வேலியைத் தாண்டவில்லை, நம்பிக்கை தாண்டியிருக்கிறது. அப்படியானால் இனி நான் காக்க வேண்டியது அந்தத் தூளை அல்ல, அந்த எழுத்தை. ரெண்டு சுழி ரெண்டு சுழியாகவே இருக்கும்வரை என் வீட்டுக்காரர் நடமாடுவார். மெய்ப்புப் பார்க்கிறவருக்கு அந்தப் பிழை கண்ணில் படவில்லையே என்று உள்ளே ஒரு மூலையில் வலித்தது. பரவாயில்லை, படாமலே போகட்டும் என்று அந்த வலியைத் தள்ளி வைத்தேன்.

அடுத்து வந்த நாட்கள் நல்ல நாட்கள். அப்படித்தான் நினைத்தேன். நான் வேலையிலிருந்து வந்ததும் பால், சிட்டிகை, பக்கத்தில் நான். அவர் குளித்தார். சட்டை மாற்றினார். தெருமுனைக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தார். கடைக்காரரின் விலைப் பலகையில் 'முட்டை'க்கு ஒரு 'ட்' குறைவாக இருந்தது, நான் போகும்போதெல்லாம் பார்ப்பேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டார். நான் கம்பெனிக் கதைகளைச் சொன்னால் சிரித்தார். சிரிப்பு மட்டும் கொஞ்சம் தாமதமாக வரும். நான் சொல்லி முடித்து, அவர் முகத்தைப் பார்த்து, ஒரு மூச்சு விட்டபிறகு வரும். வருகிறதே, அது போதும் என்றிருந்தேன்.

டாக்டரிடம் போனோம். "எப்படி இருக்கீங்க?" என்று அவர் கேட்டார். "நல்லா இருக்கேன் டாக்டர்," என்றார் இவர். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பல்லெல்லாம் தெரிய, "ரொம்ப நல்லா இருக்காரு," என்றேன். மாத்திரையைக் கூட்டலாம் என்று இருந்தேன், இனி வேண்டியதில்லை, இதையே தொடருங்கள், இனிமேல் அடிக்கடி வரத் தேவையில்லை என்றார் டாக்டர். வெளியே வந்து ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கினேன். அவருடையது கையில் உருகி முழங்கை வரை வழிந்தது. நான்தான் துடைத்துவிட்டேன்.

இடி கம்பெனியில் விழுந்தது. எங்கோ ஒருவர், சிட்டிகைக்கே மனம் இவ்வளவு தெளிகிறது என்றால் கரண்டிக்கு எவ்வளவு தெளியும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் படுத்துப் பிழைத்தார். அவர் வீட்டார் பெட்டியோடு வந்து முதலாளி அறையில் சத்தம் போட்டார்கள். முதலாளிக்கு அன்றைக்குத் திடீரென்று இலக்கணத்தில் பற்று வந்துவிட்டது.

"எல்லாத்தையும் வாபஸ் வாங்கு. ஒரு பெட்டி வெளிய இருக்கக் கூடாது. மூணு சுழி போட்டுப் புதுசா அடி."

"இருக்கட்டுமே சார்," என்று ஒரு குரல் கேட்டது. பார்த்தால் என் குரல்தான். "சிட்டிகை போதும்னுதானே போட்டிருக்கு. அளவுக்கு மேல சாப்பிடக் கூடாதுன்னு கீழ ஒரு வரி சேர்த்துட்டாப் போதுமே. எழுத்தை ஏன் மாத்தணும்?"

"மாத்தணும்னு மொதல்ல வந்து நின்னது நீதானேம்மா!"

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அந்த மனிதரை நான் அந்த நிமிஷம் நினைக்கவே இல்லை. எனக்கு என் வீடுதான் பெரிதாக இருந்தது. வெட்கமாக இருந்தது, ஆனால் அந்த வெட்கத்தால் என் வாயை மூட முடியவில்லை.

திரும்பி வந்த பெட்டிகளைத் திறந்து தூளை வேறாகவும் அட்டையை வேறாகவும் பிரித்தார்கள். நான் சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்து, அட்டைப் பெட்டிகளைத் தட்டையாக மடித்து உள்ளே அடுக்கினேன். கேட்டில் பையைச் சோதிக்கும் பெண் டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள். "என்னக்கா, சாப்பிடலையா? கனமா இருக்கு?" என்றாள். "பசிக்கலை," என்றேன். தூளைத் திருடிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. வெறும் அட்டையைத் திருடிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அதன்பிறகு புதுப் பெட்டி வாங்கி வந்து, சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தூளைப் பழைய பெட்டிக்கு மாற்றுவது வழக்கமாயிற்று. மாற்றிய பெட்டியை ஸ்டூலில், எழுத்து அவர் பக்கம் பார்க்க வைப்பேன். மூன்று சுழிப் பெட்டியை நாலாகக் கிழித்துக் காய்கறித் தோலுக்கு அடியில் போடுவேன். அவர் முன்னைவிட மெதுவாக மழித்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் மழித்தார். கடைக்குப் போனால் திரும்பி வர நேரமானது. ஒருமுறை ரொட்டி இல்லாமலே வந்தார். பெட்டி புதிதாக இருப்பதால் சந்தேகமோ என்று நினைத்து, அடுத்த பெட்டியின் மூலையை நானே நசுக்கினேன்.

நேற்று வேலை முடிந்து வந்து பாலை அடுப்பில் வைத்தேன். கதவைச் சாத்த மறந்துவிட்டேன். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, பழைய பெட்டியில் செருகி, புதுப் பெட்டியைச் சாய்த்துத் தூளைக் கொட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஆள் அரவம் கேட்டது.

"அதுலயே இருக்கட்டும்," என்றார். "எதுல இருந்தாலும் ஒண்ணுதான்."

கூம்பு சரிந்து மேடையெல்லாம் தூள் சிந்தியது. வாயில் வந்த பொய்யைச் சொன்னேன்.

"ஈரமாயிடுச்சு... அதான் மாத்தறேன்."

அவர் உள்ளே வந்து புதுப் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "திருத்திட்டாங்களா. சரிதான். மூணு சுழிதான் வரணும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். ஸ்டூல்ல வச்சியே, அன்னைக்கே."

எனக்குக் கோபம் வந்தது. ஏன் கோபம் என்று தெரியாது, பயங்கரமாக வந்தது. "தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே? தெருவுல போற போர்டையெல்லாம் திருத்தறவருக்கு இதைச் சொல்ல வாய் இல்லையா?"

"எல்லாம் கண்ணுல படத்தான் செய்யுது. அச்சகத்துல குடுத்த பக்கத்துல இருந்ததெல்லாம்கூடப் பார்த்தேன். முட்டைக்கடைப் போர்டையும் பார்க்கறேன். திருத்தி என்ன ஆகப்போகுதுன்னு இருக்கு. அவ்வளவுதான்."

"அப்போ ஏன் கேட்டீங்க? குடேன்னு ஏன் சொன்னீங்க? ஏன் குடிச்சீங்க?"

அவர் மேடையில் சிந்திய தூளை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினார். நீண்ட நேரம் ஒதுக்கினார். "நீ வாசல்ல நின்னுக்கிட்டு இருந்த. அந்த வாசகத்தை நான் சத்தமாப் படிச்சதும் உன் மூஞ்சி ஒரு மாதிரி மாறிச்சு. அப்படி உன்னைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. சரி, ரெண்டு பேர்ல ஒருத்தராவது நல்லாகட்டுமேன்னு தோணிச்சு."

"நல்லா இருந்தீங்களேங்க. ஷேவ் பண்ணீங்க. கடைக்குப் போனீங்க. சிரிச்சீங்களே!"

"அதெல்லாம் வேலை மாதிரி செஞ்சேன். நீ வர்ற நேரம் பார்த்து எழுந்திருக்கிறது. நீ சொல்லி முடிச்சதும் சிரிக்கிறது. டாக்டர்கிட்ட சொன்னதும் அதுதான்." மூச்சு வாங்குகிறவர் மாதிரி நிறுத்தினார். "இனிமே முடியலம்மா. அசதியா இருக்கு."

நான் அவரைத் தூக்கி நிறுத்தவில்லை. இத்தனை நாளும் அவர்தான் என்னைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். அதுவும் நிற்கவே தெம்பில்லாத மனுஷன். நான் வைத்த ஒவ்வொரு டம்ளர் பாலும் அவர் தலையில் ஏற்றிய சுமை. அவர் விழுந்துகொண்டே இருந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து, டம்ளரைப் பிடித்துக்கொண்டு, சந்தோஷமாகப் பார்த்திருக்கிறேன். மாத்திரையைக் கூட்ட வேண்டிய டாக்டரிடம் பல்லைக் காட்டி வேண்டாமென்று ஆக்கியிருக்கிறேன்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைத்தேன்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போகலாம்," என்றேன். "நிஜத்தைச் சொல்லுவீங்களா?"

"நீயே சொல்லிடு. நான் வாயைத் திறந்தா நல்லா இருக்கேன்னுதான் வருது."

"சொல்றேன். இப்பவே அவருக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்றேன்."

"ம்."

போய்ப் படுத்துக்கொண்டார். சுவர்ப் பக்கம். அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை, நான் சிரித்ததையும் சொன்னேன். காலையில் முதல் ஆளாக வரச் சொன்னார், அதுவரை தனியாக விடாதீர்கள் என்றார். கட்டிலருகே போய் அவர் முதுகில் கை வைத்தேன். உதறவில்லை, திரும்பவும் இல்லை. நான் வந்திருக்கிறேன் என்பதற்காக எழுந்து உட்காரவும் இல்லை. அவருக்கு இனி அந்த வேலை இல்லை என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மற்றபடி ஆறுதலுக்கு ஒன்றும் இல்லை.

சமையலறைக்குத் திரும்பி, மேடையில் அவர் ஒதுக்கி வைத்த தூளிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, பாத்திரத்தில் மிஞ்சிய பாலில் போட்டு, நின்றபடியே நான் குடித்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, ஏதாவது தாண்டுகிறதா என்று காத்திருந்தேன். பால் ஆறிப்போயிருந்தது. மணம் நன்றாக இருந்தது. மூன்று சுழி மணம்.